‘உப்பு’ ஏறுவதற்கு முன்பே

“அப்பாவுக்கு உப்பு ஏறிடுச்சாம்.” தமிழ்நாட்டு மருத்துவமனை வராந்தாக்களில் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி உட்காருபவர்களை அன்றாடம் பார்க்கலாம். ஆய்வகச் சீட்டில் ‘யூரியா’, ‘கிரியேட்டினின்’ என்று அச்சாகி வரும் இரண்டு எண்களுக்கு மக்கள் வைத்த பெயர்தான் உப்பு. சாம்பாரில் போடும் உப்புக்கும் இதற்கும் நேரான உறவில்லை. யூரியா, உணவிலுள்ள புரதம் சிதைந்தபின் மிஞ்சும் கழிவு. கிரியேட்டினின், தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் இரண்டையும் ஒழுங்காக வெளியேற்றும்வரை அவற்றின் பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கிரியேட்டினின் எண் இயல்பளவைத் தெளிவாகத் தாண்டி நிற்கும்போது, பெரும்பாலும் சிறுநீரகங்களின் வேலைத்திறனில் பாதி போய்விட்டிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் புரிகிற அந்தச் சொல், நோய் பாதி வழி கடந்த பிறகுதான் வீட்டுக்குள் வருகிறது. தமிழ்நாட்டில் சிறுநீரக நோயைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தத் தாமதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நோய் தொடங்கிய நாளுக்கும் நோய் தெரிய வந்த நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் வீணாகக் கழிகின்றன. அந்த ஆண்டுகளை மீட்க முடியுமா, மீட்க முடியாமல் போனவர்களுக்கு யார் துணை என்பவையே இக்கட்டுரை அலசும் இரண்டு கேள்விகள்.

வலிக்காத உறுப்பு

முதுகுப்புறம், விலா எலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு, ஏறக்குறைய 150 கிராம் எடை. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் எனும் நுண்வடிகட்டிகள். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் பாய்கிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடித்து, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக விட்டுவிட்டு, மீதியை உடலுக்கே திருப்பித் தருகின்றன இந்த நெஃப்ரான்கள். ரத்த அழுத்தத்தைச் சீராக்குவது, சிவப்பணு உற்பத்திக்கான ஹார்மோனைச் சுரப்பது, வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவுக்கு மாற்றி எலும்பைக் காப்பது ஆகியவையும் சிறுநீரகத்தின் பொறுப்பே.

அழிந்த நெஃப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. அழிந்ததன் பங்கையும் சேர்த்து அருகில் உள்ளவை சுமக்கும். அதனால் குறை வெளியே தெரியாது, வலியும் இருக்காது. சிறுநீரில் நுரை நிற்பது, காலையில் முகமும் மாலையில் காலும் வீங்குவது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, காரணமில்லாத களைப்பு, பசியின்மை, உடல் அரிப்பு என்று அறிகுறிகள் மெல்ல வரும். வரும்போதும் அவை ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

சிறுநீரகக் கல்லும் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்றே என்ற எண்ணமும் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கல்லுக்குப் பக்கத்து வீட்டார் சொன்ன வாழைத்தண்டுச் சாற்றையும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன அறிவுரையையும் செயலிழந்த சிறுநீரகத்தோடு இருப்பவர் பின்பற்றினால், வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். வெயிலுக்கு இதமான இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நோய் முற்றியவருக்கு அது இதயத்துடிப்பையே குலைத்துவிடக்கூடும். நட்சத்திரப் பழத்தில் உள்ள நச்சு, சிறுநீரகம் பழுதானவரின் மூளையைத் தாக்கி விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுசெல்லும்.

யாருக்கு வருகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அடுத்த பெரிய காரணம் ரத்தக்கொதிப்பு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், கெட்ட சிறுநீரகம் கொதிப்பை மேலும் ஏற்றும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று நமக்குப் பிடித்தவற்றில் பலவும் உப்பில் ஊறியவை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்கிறது. நம் இலையில் விழுவது அதைவிடக் கூடுதல்.

மூன்றாவது காரணம் மருந்துக்கடையிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரூஃபன் போன்ற மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் பலர். நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டவர், செங்கல் சுமந்தவர் அடுத்த நாள் வேலைக்கு எழ ஒரு மாத்திரை தேவைப்படுகிறது. அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. என்ன சேர்ந்திருக்கிறதென்றே தெரியாத பொடிகளும் லேகியங்களும் இதே கணக்கில் சேரும். அவற்றில் சிலவற்றில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பதை ஆய்வகங்கள் காட்டியுள்ளன.

இவை தவிர, மரபுவழி வரும் நீர்க்கட்டி நோய், பிள்ளைகளின் பிறவிக் குறைபாடுகள், சிறுநீரக அழற்சி, புராஸ்டேட் வீக்கத்தால் வரும் அடைப்பு என்று பட்டியல் நீளும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போன பெண்களுக்கும் பிற்காலத்தில் இந்த ஆபத்து கூடுதல். பிரசவத்தோடு அந்தக் கோப்பை மூடிவைத்துவிடும் வழக்கம் மாற வேண்டும்.

வெயில் தின்னும் சிறுநீரகம்

சர்க்கரையும் கொதிப்பும் இல்லாதவர்களுக்கும் ஏன் வருகிறது என்ற கேள்வி முதலில் பெரிதாக எழுந்தது தமிழ்நாட்டுக்கு வெளியே. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா போன்ற நெல் விளையும் ஊர்களில் 1990களிலிருந்து நடுவயது விவசாயிகள் வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்து விழுந்தார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி மக்களுக்கும் அதே கதி. குடிநீர், பூச்சிமருந்து, கன உலோகங்கள், வெப்பம் என்று பலவும் குற்றம் சாட்டப்பட்டன. இடத்துக்கு இடம் காரணங்களின் கலவை மாறலாம். எனினும் கடும் வெயிலில், போதிய தண்ணீரின்றி, மூச்சுவிட நேரமின்றி உழைப்பது சிறுநீரகத்தைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துகிறது என்பதற்கான சான்றுகள் வலுத்துவருகின்றன.

தமிழ்நாட்டில் அந்தச் சான்றுகள் உப்பளத்திலேயே கிடைத்தன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, மாநிலத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். ஊரின் சமையலறைகளுக்கெல்லாம் உப்பு அள்ளித் தருபவர்களின் ரத்தத்தில் இந்த வேறு ‘உப்பு’ சேர்ந்துகொண்டிருக்கிறது.

2023ஆம் ஆண்டு கோடையில் மாநிலத்தின் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்த மற்றொரு ஆய்வில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் உறுதியானது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் பரிசோதனை என்ற அணுகுமுறை இவர்களைத் தொடவே தொடாது. இவர்களுக்கு முதல் மருந்து வேலையிடத்தில்தான் இருக்கிறது. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் குடிநீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலை நேரத்தின் பகுதியாகவே ஆக்கிப் பார்த்தார்கள். நம் ஊரக வேலைத் திட்டத் தளத்துக்கும், சூளைக்கும், உப்பளத்துக்கும் அதைக் கொண்டுவரப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

ஒரு சொட்டு அமிலமும் ஒரு பட்டையும்

முன்கூட்டியே கண்டுபிடிப்பது செலவு பிடித்த வேலை என்ற எண்ணத்தைச் சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி 1990களிலேயே உடைத்துக் காட்டினார். அவர் தொடங்கிய ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’, சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பியது. ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டுக் கலங்குகிறதா என்று புரதம் பார்ப்பது, பெனடிக்ட் கரைசலில் சர்க்கரை பார்ப்பது: அவ்வளவுதான். பாதிப்பு தெரிந்தவர்களுக்கு மிக மலிவான பழைய மாத்திரைகளே தரப்பட்டன. ஒட்டுமொத்தச் செலவை ஊரின் மக்கள்தொகையால் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு அரை டாலர்கூட ஆகவில்லை. திட்டம் நடந்த கிராமங்களில் சிறுநீரகத் திறன் குறைந்தவர்களின் விகிதம், நடக்காத கிராமங்களைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்ததை அவர் பன்னாட்டு மருத்துவ இதழில் பதிவுசெய்தார்.

அந்தச் சிறு முயற்சியின் சாயலை இன்று அரசுத் திட்டங்களில் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023இல் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கும் தனித் திட்டமும் தொடங்கப்பட்டது. நிறம் மாறும் ஒரு பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

சீட்டில் வரும் எண்ணைப் படிக்கவும் மக்களுக்குக் கற்றுத்தர வேண்டும். கிரியேட்டினின் 1.2 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். முப்பது வயது ஆணுக்கு அது வடிகட்டும் திறன் 83 என்ற அளவைக் குறிக்கும், பெரிய கவலையில்லை. அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கோ அதே 1.2, திறன் 50 என்ற அளவுக்கு இறங்கிவிட்டதைக் குறிக்கும். அது நோயின் மூன்றாம் நிலை. ஒரே எண்ணைப் பார்த்து இருவருமே ‘நார்மல்தான்’ என்று வீடு திரும்பக்கூடும். அதனால் இ.ஜி.எஃப்.ஆர் எனப்படும் வடிகட்டும் திறன் அளவையும் சிறுநீரில் போகும் ஆல்புமின் எனும் புரதத்தின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்களும் குடும்பத்தில் இந்நோய் இருப்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்தால் செய்வதற்கும் வழி இருக்கிறது. புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் ரத்த அழுத்த மருந்துகள் பல ஆண்டுகளாகப் பயனில் உள்ளன. சர்க்கரைக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் சரிவைத் தணிக்கிறது என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் வெகுவாக இறங்கியது. டயாலிசிஸ் தேவைப்படும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்க இம்மருந்துகள் உதவும். ஆனால் சிறுநீரகத்தில் காப்பாற்ற ஏதேனும் மிஞ்சியிருக்கும்போது அவற்றைத் தொடங்க வேண்டும்.

வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்

1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், இறைச்சிக் குழல்களுக்கான செல்லோஃபேன் உறையை உருளையில் சுற்றி முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய இயந்திரங்கள் எவ்வளவோ முன்னேறியவை. ஆனாலும் சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரம் ஓயாமல் செய்யும் வேலையை இயந்திரம் நான்கு நான்கு மணி நேரமாக மூன்று தவணைகளில் ஈடுகட்டப் பார்க்கிறது. நம் நாட்டில் பலருக்கு அதுவும் இரண்டு தவணைதான். ஆண்டுதோறும் இந்தியாவில் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலையை அடைகிறார்கள் என்பது 2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கியபோது அரசே தந்த மதிப்பீடு.

முன்கூட்டியே தெரிந்தவருக்குக் கையில் ஃபிஸ்டுலா எனும் ரத்தக்குழாய் இணைப்பைச் செய்து, அது பழுக்க ஆறு முதல் எட்டு வாரம் விட்டு, பிறகு டயாலிசிஸ் தொடங்கலாம். மூச்சுத் திணறி இரவோடிரவாக வருபவருக்கு அந்த நேரம் இல்லை. கழுத்தில் குழாய் போட்டுத்தான் தொடங்க வேண்டும், அதில் கிருமித் தொற்று ஆபத்து அதிகம். தாமதத்தின் விலை இந்த இடத்திலும் வசூலிக்கப்படுகிறது. ஃபிஸ்டுலா போட்ட கையில் ஊசி கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கியும் தறி ஓட்டியும் பிழைத்தவருக்கு அந்தக் கைதான் வருமானம்.

வீட்டில் எல்லாமே மாறுகிறது. காயை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு சிறு பனிக்கட்டியை வாயில் அடக்கித் தாகத்தை ஏமாற்றுபவர்கள் உண்டு. உறவினர் வீட்டு விருந்துக்குப் போக முடியாது. ‘ஒரு வாய் பாயசம் சாப்பிட்டா என்ன ஆகிடும்’ என்ற அன்பான வற்புறுத்தலுக்குப் பதில் சொல்லி ஓய்ந்துபோகிறார் பக்கத்தில் நிற்கும் மனைவி.

மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸையும் மாற்று அறுவை சிகிச்சையையும் தாங்குகிறது. 1993இல் மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் தொடங்கிய ‘டேங்கர்’ அறக்கட்டளை போன்றவை ஏழைகளுக்கு இந்தச் சிகிச்சையைத் தந்துவருகின்றன. வயிற்றறையில் திரவம் விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைக்கான பைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. தொலைதூரக் கிராமத்தவருக்கு இது பெரிய வரம்.

இயந்திரம் இலவசமானாலும் அதைச் சுற்றியுள்ள வாழ்க்கை இலவசமில்லை. வாரத்தில் மூன்று நாள் நோயாளி வேலைக்குப் போக முடியாது, துணைக்கு வருபவரும் போக முடியாது. இருவரின் கூலி, பேருந்துக் கட்டணம், வெளியே வாங்கும் மருந்து என்று செலவு சேர்ந்து குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது. ரயிலில் டயாலிசிஸ் நோயாளிக்கும் துணைக்கும் கட்டணச் சலுகை உண்டு. வருமான வரியில் கழிவும் உண்டு. தெரியாததால் கேட்காதவர்கள் பலர், வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவர்கள் அதைவிடப் பலர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் படுக்கையில் கிடக்கவைக்கும் சிறுநீரகச் செயலிழப்பு அதில் இல்லை.

தருபவர் யார், பெறுபவர் யார்?

இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அந்தப் பெருமையோடு ஒரு துயரமும் இந்த மண்ணில் வளர்ந்தது. 1980களிலும் 90களிலும் கடனில் மூழ்கிய ஏழைகள் சிறுநீரகம் விற்றதால், சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பட்டப்பெயரே விழுந்தது. 1994இல் உடல் உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. சென்னையில் விற்ற 305 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனிலேயே இருந்தார்கள். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்து அதே வியாபாரம் நடந்ததாகப் புகார் எழுந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

இதற்கு மாற்று வழியையும் தமிழ்நாடே காட்டியது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானமளித்தார்கள். மாநிலமே அதைப் பேசியது. அதே ஆண்டு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டம் ஒழுங்குபெற்றது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கிறது. 2024இல் 268 பேரின் குடும்பங்கள் தானம் தந்தன. ஆயினும் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

உயிரோடு இருக்கும்போது தருபவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். நாடு முழுக்க இதே கதைதான். தாயும் மனைவியும் சகோதரியும் மனமுவந்து தருகிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்கே நோய் வரும்போது தர முன்வரும் கணவரும் சகோதரரும் குறைவு என்பதும் உண்மை. விழிப்புணர்வு மேடைகளில் தாய்மையைப் போற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வராந்தாவில் இருப்பவர்கள்

மார்ச் மாத இரண்டாம் வியாழனை 2006 முதல் உலகம் சிறுநீரக நாளாகக் கடைப்பிடிக்கிறது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலனுக்கென்றே தனித் தீர்மானம் நிறைவேற்றியது. ஊர்வலமும் பதாகையும் சிறுநீரக நாளின் மாலையோடு முடிந்துவிடாமல் இருக்க, ஏற்கெனவே உள்ள அமைப்புகளின் வழியாகவே நான்கைந்து வேலைகளை ஆண்டு முழுக்கச் செய்யலாம். மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் சிறுநீர்ப் பட்டையும் கொண்டுவரலாம். ஆய்வகங்கள் கிரியேட்டினினோடு வடிகட்டும் திறனையும் கணக்கிட்டு, தமிழிலேயே அச்சிட்டுத் தரலாம். வலிமாத்திரையைத் தொடர்ந்து கேட்பவரிடம் மருந்துக்கடைக்காரர் ஒரு வார்த்தை எச்சரிக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்கு மாத உதவித்தொகையும், துணைக்கு வருபவருக்குப் பேருந்துப் பயணச் சலுகையும் அரசு தரலாம். உப்பளத்திலும் வயலிலும் நண்பகல் ஓய்வை விதியாக்கலாம்.

இவற்றுக்கு முன்பே, நாளைக் காலையே தொடங்கக்கூடிய ஒன்றும் உண்டு. எந்த டயாலிசிஸ் கூடத்தின் வெளியே போய்ப் பார்த்தாலும், உள்ளே நான்கு மணி நேரம் ஓடும்வரை பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்தார் இருப்பார்கள். நோயாளியின் தம்பி, மகள், அதே சமையலைச் சாப்பிடும் மனைவி. ரத்த உறவினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்களில் பலருக்குச் சர்க்கரை இருக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கும். வாரத்தில் மூன்று நாள், மாதக்கணக்கில், மருத்துவமனைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அவர்களிடம் ஒரு சிறு குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் கேட்க, ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்ற, புதிய கட்டடமும் புதிய நிதியும் வேண்டாம். உள்ளே இருக்கும் அண்ணனுக்கு உப்பு ஏறியபோதுதான் தெரிந்தது. வெளியே பெஞ்சில் இருக்கும் தம்பிக்கு இன்றைக்கே தெரிந்துவிடலாம்.